கை வைப்பவரிடம் சாவி இருக்கட்டும்

ஆயுதபூஜைக்கு முந்தைய நாள் நம் ஊர்ப் பட்டறைகளுக்குள் நுழைந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். லேத்து, பவர் பிரஸ், தறி, மாவு மில் என எல்லாம் நின்றிருக்கும். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மூடிகளைக் கழற்றி, மண்ணெண்ணெயில் நனைத்த பனியன் வேஸ்ட்டால் பல்சக்கரங்களை ஒவ்வொன்றாகத் துடைப்பார்கள். சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரிகடலை படைத்து, பூஜை முடியும்வரை யாரும் சுவிட்சுப் பக்கம் போகமாட்டார்கள். போனால் முதலாளிக்கே கோபம் வரும்.

நம் தொழிற்கூடங்களில் பலவற்றில், இயந்திரம் முழுதாக நின்ற பிறகே மனிதக் கை அதற்குள் போவது ஆண்டில் அந்த ஒரு நாள் மட்டும்தான். மற்ற நாட்களில் ஓட ஓடத் துடைக்கிறோம். ஓட ஓட எண்ணெய் விடுகிறோம். சிக்கிய துண்டைக் குச்சியால் தட்டுகிறோம், குச்சி எட்டாதபோது விரலை நீட்டுகிறோம். “ஒரு நிமிஷ வேலை, இதுக்குப் போய் மெயினை ஆஃப் பண்ணணுமா?” என்ற கேள்விக்கு இந்த நாட்டில் எத்தனை விரல்கள் விலையாகப் போயிருக்கின்றன என்று எந்தப் பதிவேடும் முழுமையாகச் சொல்லாது.

பதிவேடு சொல்வதே போதுமான அளவு கொடுமையானது. 2017 முதல் 2020 வரை இந்தியாவின் பதிவுபெற்ற தொழிற்சாலைகளில் மட்டும் ஆண்டுக்குச் சராசரியாக 1,100-க்கும் மேற்பட்டோர் விபத்துகளில் இறந்தார்கள் என்கிறது அரசுக் கணக்கு. நாளொன்றுக்கு மூன்று பேர். பதிவில்லாத பட்டறைகளும், “பைக்கில் இருந்து விழுந்துட்டேன்” என்று மருத்துவமனையில் சொல்லவைக்கப்பட்டவர்களும் அந்தக் கணக்கில் இல்லை. நாட்டிலேயே அதிகத் தொழிற்சாலைகள் கொண்ட மாநிலம் நம்முடையது. வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் கை அறுவை சிகிச்சைக்கென்றே ஒரு துறை வளர்ந்து நாடறிந்த பெயர் பெற்றிருக்கிறது. அந்த மருத்துவர்களின் திறமையை வணங்குவோம். அதே மூச்சில், ஒரு நகரத்துக்கு அப்படியொரு துறை ஏன் இவ்வளவு தேவைப்பட்டது என்றும் கேட்டாக வேண்டும்.

இந்த விபத்துகளில் ஒரு வகையைத் தனியே பிரித்துப் பார்க்கச் சொல்கிறோம். உற்பத்தி ஓடும்போது இயந்திரத்துக்குக் காப்பு மூடி இருக்கிறது, கதவைத் திறந்தால் நின்றுபோகும் சென்சார் இருக்கிறது. பழுதுபார்க்க, டை மாற்ற, சுத்தம் செய்ய, அடைப்பெடுக்க வரும்போது நாம் முதலில் கழற்றுவது அந்த மூடியைத்தான். வேலைக்கு இடைஞ்சல் என்று சென்சாரையும் பைபாஸ் செய்துவிடுகிறோம். எந்த நேரத்தில் காப்பு மிக அதிகமாகத் தேவையோ அந்த நேரத்தில் அது இருப்பதில்லை. மூடிக்கு ஈடாக வேறு ஏதாவது அந்த மனிதரைக் காக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் விரல் போகிறது, கை போகிறது, ஆளே போகிறார்.

எப்படிப் போகிறார் என்பது தொழிலில் இருப்பவர்களுக்குப் புதிதல்ல. கலவை எந்திரத்தின் தொட்டிக்குள் ஒருவர் இறங்கிச் சுரண்டிக்கொண்டிருப்பார். வெளியே பேனல் முன்னால் நிற்பவருக்கு அவர் கண்ணில் படமாட்டார். ஷிஃப்ட் மாறும் நேரம், புதிதாக வந்தவர் வழக்கம்போல் பச்சைப் பொத்தானை அழுத்துவார். இன்னொரு வழியும் உண்டு. கரண்ட் போகும், இயந்திரம் நிற்கும். கரண்ட் வருவதற்குள் துடைத்துவிடலாம் என்று சுறுசுறுப்பான ஒருவர் பெல்ட்டுக்குள் கையை விடுவார். முறையான ஸ்டார்ட்டரில் நோ-வோல்ட் காயில் இருக்கும். கரண்ட் திரும்பினாலும் யாராவது பொத்தானை அழுத்தினால்தான் மோட்டார் ஓடும். ஆனால் அடிக்கடி அழுத்த யார் போவது என்று பொத்தானில் தீக்குச்சியைச் செருகி வைத்திருக்கும் பட்டறைகள் எத்தனையோ. அங்கே கரண்ட் வந்த நொடியில் இயந்திரமும் வந்துவிடும்.

சுவிட்சை அணைத்தால் ஆபத்து முடிந்தது என்று நினைப்பதும் தவறு. மின்சாரம் போன பிறகும் பவர் பிரஸ்ஸின் ஃப்ளைவீல் தன் வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். மேலே நிற்கும் ராம் தன் எடையாலேயே இறங்கும். ஏர் சிலிண்டரில் காற்றழுத்தம் காத்திருக்கும், ஹைட்ராலிக் குழாயில் எண்ணெய் அழுத்தம் காத்திருக்கும். அமுங்கிய ஸ்பிரிங், பாய்லர் குழாயில் நிற்கும் நீராவி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்னேற்றம் எல்லாமே அப்படித்தான். அடைப்பெடுத்ததும் கன்வேயர் ஒரு முழம் நகரும். அந்த ஒரு முழம் போதும், ஒரு கையை இழுத்துக்கொள்ள.

சிறு பட்டறையில்தான் இப்படி, பெரிய நிறுவனங்களில் எல்லாம் ஒழுங்கு என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. 2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் உஞ்சாஹார் அனல்மின் நிலையத்தில், 500 மெகாவாட் அலகு ஒன்றின் கொதிகலன் அடியில் சாம்பல் கட்டிப்போய் அடைத்துக்கொண்டது. உற்பத்தியைக் குறைத்தார்கள், அலகை நிறுத்தவில்லை. அடைப்பெடுக்கும் வேலை நடந்துகொண்டிருந்தபோதே வெடித்துச் சீறிய அனலில் 30-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மடிந்தார்கள். நம் நெய்வேலியில் 2020 மே 7 அன்று இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் விபத்து நடந்து உயிர்கள் போயின. இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூலை 1 அன்று அதே நிலையத்தின் ஐந்தாவது அலகை, வேலை முடித்து மீண்டும் ஓட்டத் தயார் செய்துகொண்டிருந்தபோது இன்னொரு வெடிப்பு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் 6 பேர் அங்கேயே கருகினார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர்களிலும் பலர் அடுத்தடுத்த நாட்களில் இறந்தார்கள். நிறுத்தாமல் கை வைப்பதும், நிறுத்தியதை மீண்டும் ஓட்டும் நேரமும் எவ்வளவு அபாயமானவை என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம்.

இதைச் சட்டம் அறியாமல் இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-வது பிரிவு, ஓடும் இயந்திரத்தில் பரிசோதனையோ எண்ணெய் விடுவதோ தவிர்க்கவே முடியாதபோது அதைச் செய்யக்கூடியவர் யார் என்று வரையறுத்தது. அதற்கெனப் பயிற்சி பெற்ற, பதிவேட்டில் பெயர் எழுதப்பட்ட, நிர்வாகமே கொடுத்த இறுக்கமான உடை அணிந்த வயதுவந்த ஆண் தொழிலாளி மட்டுமே. தொளதொளச் சட்டையும் துண்டும் சுழலும் தண்டில் சிக்கும் என்று 1948-லேயே யோசித்துச் சட்டம் எழுதினார்கள். பெண்களும் இளையோரும் ஓடும் செலுத்து இயந்திரங்களைத் துடைக்கவோ சரிசெய்யவோ கூடாது என்றும் அதே பிரிவு சொன்னது. நூற்பாலைகளில் ஓடும் ஃபிரேமுக்கு அருகே பஞ்சு வழித்தெடுக்கும் பெண்களிடம், இப்படியொரு பிரிவு உண்டு என்று யாராவது என்றாவது சொல்லியிருக்கிறார்களா?

24-வது பிரிவில் 1976-ல் ஒரு திருத்தம் சேர்ந்தது. தற்செயலாக ‘ஆஃப்’ நிலையிலிருந்து ‘ஆன்’ நிலைக்கு நகரக்கூடிய சுவிட்சானால், அதைப் பாதுகாப்பான நிலையில் பூட்டிவைக்க ஏற்பாடு இருக்க வேண்டும் என்றது அது. பூட்டு என்ற யோசனை நம் சட்டத்தில் ஏறி அரை நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்கா 1989-ல் இதையே தனி விதியாக விரித்து எழுதியது. பழுதுபார்ப்பவர் ஒவ்வொருவரும் ஆற்றல் வரும் வழியைத் தன் சொந்தப் பூட்டால் பூட்டி, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். அந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் ஆண்டுக்கு 120 மரணங்களும் 50,000 காயங்களும் தவிர்க்கப்படும் என்பது அந்நாட்டுத் தொழிற்பாதுகாப்பு அமைப்பின் மதிப்பீடு.

இது அயல்நாட்டு வித்தை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். மின்கம்பத்தில் ஏறும் லைன்மேனைக் கேளுங்கள். துணைமின் நிலையத்தில் ‘எல்.சி.’ வாங்காமல் கம்பியில் கை வைக்கக் கூடாது என்பது அவர் முதல் நாள் கற்ற பாடம். லைன் கிளியர் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கும்வரை அந்த லைனுக்கு மின்சாரம் கொடுக்க யாருக்கும் அதிகாரமில்லை. பழைய வயர்மேன்கள் ஃப்யூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவார்கள். ஃப்யூஸ் தன் பையில் இருக்கும்வரை உலகத்தில் யாரும் அந்த லைனை உயிர்ப்பிக்க முடியாது என்ற உறுதி அது. நாம் கேட்பதும் அதையேதான். இயந்திரத்துக்குள் கை வைப்பவர் யாரோ, அந்த இயந்திரத்தின் சாவி அவர் பையில் இருக்கட்டும். மேனேஜரின் மேஜையிலோ சூப்பர்வைசரின் இடுப்பிலோ வேண்டாம்.

செய்முறையும் எளிது. நிறுத்தப் போவதைச் சுற்றியுள்ள எல்லோருக்கும் சொல்ல வேண்டும். நிறுத்த வேண்டும். மின்சாரம், காற்று, எண்ணெய், நீராவி என ஆற்றல் வரும் வழி ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும். அடைத்ததைப் பூட்டி, பெயரும் நேரமும் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். தேங்கி நிற்கும் அழுத்தத்தை வெளியேற்றி, மேலே தொங்குவதற்கு முட்டுக்கொடுக்க வேண்டும். கடைசியாக ஒருமுறை பச்சைப் பொத்தானை அழுத்தி, ஓடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. மூன்றும் திறந்தால்தான் இயந்திரம் ஓடும். ஒரு பூட்டின் விலை சில நூறு ரூபாய். இயந்திரத்தின் விலையைப் பல லட்சங்களில் கணக்கிடும் முதலாளிக்கு அது ஒரு செலவே அல்ல.

பிறகு ஏன் நடப்பதில்லை? பூட்டிவிட்டால் உற்பத்தி நிற்கும். பீஸ் ரேட்டுக்கு வேலை செய்பவருக்கு நின்ற நிமிடம் கூலியில்லா நிமிடம். ஷிஃப்ட்டுக்கு இத்தனை எண்ணிக்கை என்று இலக்கு வைத்துக் கேட்கும் சூப்பர்வைசருக்கு மேலிருந்து கேட்க இன்னொருவர் இருக்கிறார். பெரிய நிறுவனம் உதிரிபாகத்தின் விலையைக் குறைக்கச் சொல்லி அழுத்த, அந்த அழுத்தம் மூன்றாம் படியில் இருக்கும் சிறு பட்டறையின் பவர் பிரஸ்ஸில் விரலாக இறங்குகிறது. குருகிராம், மானேசர் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரலிழந்த தொழிலாளர்களோடு வேலை செய்யும் சேஃப் இன் இந்தியா அமைப்பு ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கைகள் இதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஓசூரும் கோவையும் அம்பத்தூரும் ஒரகடமும் செய்வது அதே தொழில், ஓட்டுவது அதே பிரஸ். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து இறங்கிய இளைஞனுக்கு முதல் வாரமே மெஷினில் வேலை. சுவரில் எச்சரிக்கைப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும். அவனுக்கு அது சுவரின் நிறம் போலத்தான்.

விபத்து நடந்ததும் எல்லோர் வாயிலும் வரும் சொல் ‘கவனக்குறைவு’. இந்தச் சொல்லை நாம் வன்மையாக மறுக்கிறோம். பத்தாவது மணி நேரத்தில், இரவு ஷிஃப்டில், ஆயிரமாவது முறை அதே அசைவைச் செய்யும் மனிதருக்குக் கவனம் ஒரு கணம் பிசகத்தான் செய்யும். அது மனித உடலின் இயல்பு. அந்த ஒரு கணத்துக்குத் தண்டனையாகக் கையை எடுத்துக்கொள்ளும் இயந்திரத்தை அப்படியே விட்டுவைத்தது யார் என்பதுதான் கேள்வி. மூடியைக் கழற்றி மூலையில் போடச் சொன்னவரும், சென்சாரை பைபாஸ் செய்யப் பார்த்திருந்தவரும், பூட்டு வாங்கித் தராதவரும் கவனத்தோடுதான் அதைச் செய்தார்கள்.

சட்டமும் நம் பக்கமே நிற்கிறது. ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தில் தொழிலாளியின் சாதாரணக் கவனப்பிசகு இழப்பீட்டை மறுக்கும் காரணமாகாது. குடிபோதை, பாதுகாப்புக்கென வெளிப்படையாகச் சொன்ன கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், காப்புச் சாதனம் என்று தெரிந்தே அதை வேண்டுமென்று அகற்றுதல் ஆகியவை மட்டுமே விலக்கு. அதுவும் மரணத்துக்கோ முழு நிரந்தர ஊனத்துக்கோ பொருந்தாது. “உன் தப்புதானே” என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்ப எந்த முதலாளிக்கும் உரிமையில்லை.

இதை உரத்துச் சொல்லக் காரணம், விபத்துக்குப் பிந்தைய முதல் சில மணி நேரத்திலேயே தொழிலாளியின் உரிமைகள் பெரும்பாலும் பறிபோய்விடுகின்றன என்பது. துண்டான விரலைச் சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வைத்துக் கொண்டுபோனால் ஒட்டவைக்க வாய்ப்புண்டு; விரலை நேரே ஐஸில் போடக் கூடாது. இந்த ஒரு தகவலை எழுதி ஒட்டியிருக்கும் பட்டறைகள் அபூர்வம். தெரிந்த தனியார் மருத்துவமனைக்கு முதலாளியே காரில் அழைத்துப்போவார். அது இரக்கம்தான். ஆனால் அங்கே, “வீட்டில் அடிபட்டதுன்னு சொல்லிடு, செலவெல்லாம் நான் பாத்துக்கறேன்” என்ற சொல்லும் கூடவே வரும். விபத்துப் பதிவேட்டில், வழக்காடுவோர் ‘ஏ.ஆர். காப்பி’ என்கிறார்களே அதில், அந்தப் பொய் ஏறிவிட்டால் பிறகு அதை அழிப்பது மிகக் கடினம். எந்த இடத்தில், எந்த இயந்திரத்தில், எத்தனை மணிக்கு அடிபட்டது என்ற உண்மையை முதல் மருத்துவரிடமே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்பும் ஒரு செய்தியும், இயந்திரத்தின் ஒரு படமும், கூட இருந்த இருவர் பெயரும் பின்னாளில் சாட்சியாக நிற்கும்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் கூலி வாங்குபவர் ஈ.எஸ்.ஐ. காப்பீட்டுக்குள் வருகிறார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் பணிக்காயப் பலன் உண்டு. சிகிச்சை முழுவதும் இலவசம்; குணமாகும் காலம் வரை கூலியில் 90 விழுக்காடு. நிரந்தர ஊனமானால் அதன் அளவுக்கேற்ப வாழ்நாள் முழுக்க மாதத் தொகை. தற்காலிக ஊனப்பலன் பெறும் காலத்தில் அவரை வேலையிலிருந்து நீக்கவும் முடியாது. ‘உன் பேர் இன்னும் ஏறலை’ என்று சொல்லப்படுபவரும் மனம்தளர வேண்டாம். சந்தா கட்டப்பட்டவர் மட்டுமல்ல, கட்டப்பட வேண்டியவரும் காப்பீடு பெற்றவரே என்பது அந்தச் சட்டத்தின் சொல்.

ஈ.எஸ்.ஐ.க்குள் வராதவர்களுக்கு 1923 முதல் இருந்துவரும் இழப்பீட்டுச் சட்டம். கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஆள்காட்டி விரலுக்கு 14, ஒரு கையின் நான்கு விரலும் போனால் 50 என்று அட்டவணையே உண்டு. 30 வயதுள்ள ஒருவரின் கட்டைவிரல் போனால், சட்டம் ஏற்கும் உச்சக் கூலியான 15,000 ரூபாயில் 60 விழுக்காட்டை வயதுக்கான காரணியான 207.98-ஆல் பெருக்கி, அதில் 30 விழுக்காட்டைக் கணக்கிட்டால் 5,61,546 ரூபாய் வருகிறது. சிகிச்சைச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 விழுக்காடு வட்டியும் 50 விழுக்காடு வரை அபராதமும் ஏறும். கான்ட்ராக்டர் மூலம் வந்தவருக்கும் முதன்மை முதலாளியே பொறுப்பு. இருபதாயிரத்தைக் கையில் திணித்து, ‘இனி எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்கினாலும் அந்தத் தாள் சட்டத்தின் முன் செல்லாது. கையெழுத்துப் போடக் கட்டைவிரல் இல்லாதவரிடமே அப்படிக் கையெழுத்து வாங்கும் கொடுமையும் இந்த நாட்டில் நடக்கிறது.

அட்டவணையின் விழுக்காடும் கடைசிச் சொல் அல்ல. இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்த ஒரு தச்சரின் வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இது 100 விழுக்காடு இழப்பு என்ற முடிவை உறுதிசெய்தது. எந்த உறுப்பு போனது என்பதோடு நில்லாமல், அந்த மனிதரின் தொழில் மிஞ்சியதா என்று பார்த்த தீர்ப்பு அது. வழக்கு நடத்தப் பணமில்லையே என்று தயங்குபவர்களுக்கு ஒரு செய்தி: தொழிற்சாலைத் தொழிலாளிக்கு, வருமான வரம்பு பார்க்காமல், இலவச சட்ட உதவி பெறும் உரிமையைச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் தந்திருக்கிறது. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அந்த அலுவலகம் இருக்கிறது.

இவ்வளவு உரிமைகளுக்கு நடுவிலும் ஓட்டைகள் உண்டு. பழுதுபார்க்கும் ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் அனுபவசாலிகள் என்பதாலேயே 21,000-க்கு மேல் வாங்குகிறார்கள், ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே விழுகிறார்கள். இழப்பீட்டுச் சட்டத்துக்கு வந்தாலோ, 30,000 வாங்கியவரின் கூலியையும் 2020-ல் வைத்த 15,000 என்ற உச்சவரம்பில்தான் எண்ணுகிறார்கள். ஆபத்துக்குள் அதிகம் கை வைப்பவருக்கே பாதிக் கணக்கு. பணியில் ஊனமுற்றவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்ற 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் காப்பும் அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியார் ஆலையில் கை இழந்தவர், சிகிச்சை முடிந்த மறுநாள் வாசலுக்கு வெளியே நிற்கிறார்.

இப்போது புதிதாக ஓர் அபாயம் சேர்ந்திருக்கிறது. நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. தொழிற்சாலைகள் சட்டமும் இழப்பீட்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் அவற்றுக்குள் கரைகின்றன. நல்லவை இல்லாமல் இல்லை. விதிமீறலால் உயிர் போனால் அபராதம் 5 லட்சத்துக்குக் குறையாது. பலத்த காயமானால் 2 முதல் 4 லட்சம். அதில் பாதிக்குக் குறையாத தொகையைப் பாதிக்கப்பட்டவருக்கே கொடுக்க நீதிமன்றம் உத்தரவிடலாம். பழைய சட்டத்தின் 25,000 ரூபாயோடு ஒப்பிட்டால் இது முன்னேற்றம்.

ஆனால் மின்விசையில் 10 பேர் வேலை செய்தால் தொழிற்சாலை என்றிருந்த வரையறை 20 பேர் என்று உயர்ந்துவிட்டது. 12 பேரும் 17 பேரும் வேலை செய்யும் பிரஸ் கடைகள், ஃபவுண்டரிகள், தறிக்கூடங்கள் தொழிற்சாலை என்ற பெயரிலிருந்தே நழுவுகின்றன. 10 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பொதுவான கடமைகள் தொடரும் என்றாலும், தொழிற்சாலை என்ற தகுதியோடு வந்த கண்காணிப்பு போய்விடும். விரல்கள் அதிகம் போகும் இடமும் அதுதான். இன்னொன்று இதைவிட ஆழமானது. இயந்திர வேலி, ஓடும் இயந்திரத்தில் வேலை, மின்விசை துண்டிக்கும் கருவி ஆகியவை பழைய சட்டத்தில் தனித்தனிப் பிரிவுகளாக விரிந்து நின்றன. புதிய தொகுப்பில் அவை இரண்டாம் அட்டவணையில் வெறும் தலைப்புகள். அந்தத் தலைப்புகளுக்குக் கீழே என்ன எழுதப்படும் என்பது இனி வரும் தரநிலைகளையும் விதிகளையும் பொறுத்தது. சட்டமே எழுதிக் கொடுத்த காப்பு, ஓர் அறிவிக்கையின் தயவுக்குப் போயிருக்கிறது. விதிகள் எழுதப்படும் இந்தக் காலத்தில் நாம் வாய்மூடி இருந்தால், பிறகு பேசிப் பயனில்லை.

ஆகவே சிலவற்றை வெளிப்படையாகக் கேட்கிறோம். பழுதுபார்க்கும்போது ஆற்றலைத் துண்டித்துப் பூட்டுவதும், ஒருவருக்கு ஒரு பூட்டு ஒரே சாவி என்பதும், தொழிலாளர் எண்ணிக்கை பாராமல் இயந்திரம் ஓடும் எல்லா இடத்துக்கும் கட்டாயம் என்று தமிழ்நாட்டு விதிகளில் எழுத வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்கள் போகும் இடத்தில், உற்பத்தி வரிசையோடு நில்லாமல், அடைப்பெடுப்பதும் டை மாற்றுவதும் எப்படி நடக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும். சிறு பட்டறைகளுக்குப் பூட்டும் நல்ல ஸ்டார்ட்டரும் காப்பு மூடியும் வாங்க, தொழில் கடனோடு சேர்த்து மானியம் கொடுக்க வேண்டும். வாகன நிறுவனங்கள் தம் உதிரிபாகம் செய்யும் மூன்றாம் படிப் பட்டறை வரை போய், அங்கே போன விரல்களுக்குப் பொறுப்பேற்க வேண்டும். எச்சரிக்கையும் பயிற்சியும் தொழிலாளியின் மொழியில் இருக்க வேண்டும். இழப்பீட்டுக் கூலி உச்சவரம்பை உண்மையான கூலிக்கு உயர்த்த வேண்டும். ஊனமுற்றவருக்கு மாற்று வேலை தரும் கடமையைத் தனியார் நிறுவனங்களுக்கும் நீட்ட வேண்டும்.

தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. கூலிக்கும் போனஸுக்கும் வாயிற்கூட்டம் போட்டவர்கள், ‘பூட்டாமல் கை வைக்கமாட்டோம்’ என்ற ஒற்றைக் கோரிக்கைக்கும் ஒரு நாள் வாசலில் நிற்க வேண்டும். உடனடி ஆபத்து கண்டால் அதை நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்லும் உரிமையைப் புதிய தொகுப்பே எல்லாத் தொழிலாளர்களுக்கும் தந்திருக்கிறது. அதைத் தனியாளாகச் சொன்னால் வேலை போகும். சேர்ந்து சொன்னால் சட்டம் கூட நிற்கும்.

முதலாளிகளிடம் கேட்பது இதுதான். ஆயுதபூஜையன்று உங்கள் பட்டறையில் யாரும் சொல்லாமலேயே மெயின் சுவிட்ச் இறங்குகிறது, யாரும் தொடாமலேயே அது இறங்கியபடி நிற்கிறது. இயந்திரத்துக்குச் சந்தனம் வைக்கும் விரல்களுக்காகவும் அந்த ஒழுங்கு மற்ற நாட்களில் வேண்டும். அடுத்த பூஜைக்குப் பொரிகடலை வாங்கும்போது, ஆளுக்கொரு பூட்டும் சேர்த்து வாங்குங்கள்.